பலன் கருதாத எட்டு மாதங்கள்

1919-ஆம் ஆண்டு. கல்கத்தாவுக்கு வந்திருந்த ஜானகிநாத் போஸ் ஒரு மாலை வேளையில் தம் மகன் சுபாஷைத் திடீரென்று அழைத்தார். அறையில் மூத்த சகோதரர் சரத் சந்திரரும் இருந்தார். தந்தையார் சுற்றி வளைக்காமல் செய்தியைச் சொன்னார். இங்கிலாந்து சென்று இந்திய சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்க விருப்பம் உண்டா? உண்டெனில் கூடிய விரைவில் கப்பலேற வேண்டும். யோசித்து விடை கூற 24 மணி நேரம் அவகாசம்.

சுபாஷ் சந்திர போஸுக்கு அப்போது வயது 22. தத்துவத்தில் பட்டம் பெற்று, சோதனை முறை உளவியலில் மேற்படிப்பைத் தொடங்கியிருந்தார். தேச சேவையே தம் வாழ்வின் நோக்கம் என்று நண்பர் குழுவோடு சேர்ந்து உறுதி பூண்டிருந்தவர் அவர். அப்படிப்பட்டவர் முன், அந்நிய அரசாங்கத்தின் மிக உயர்ந்த பதவிக்கான வாயில் திறந்து வைக்கப்பட்டது.

ஐ.சி.எஸ். என்று அனைவரும் சுருக்கமாகக் குறிப்பிட்ட அந்தத் தேர்வு, 1855 முதல் போட்டி முறையில் நடைபெற்று வந்தது. அதனை எழுத விரும்பும் இந்திய இளைஞர் கடல் கடந்து லண்டனுக்கே செல்ல வேண்டியிருந்தது. 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் அதில் வெற்றி பெற்ற முதல் இந்தியரானார். அத்தேர்வு இந்திய மண்ணில் முதன்முறையாக நடத்தப்பட்டது 1922-இல்தான், அலகாபாத்தில். ஒரு குடும்பத்தில் ஒருவர் அதில் தேறினால் அது அக்குடும்பத்துக்கே கிடைத்த பெரும்பேறாகக் கருதப்பட்ட காலம் அது.

சுபாஷ் அந்தத் தேர்வை எழுதி நான்காம் இடம் பெற்றதும், பின் அப்பதவியைத் துறந்ததும் நாடறிந்த செய்திகள். இவ்விரண்டுக்கும் முன்பு ஒரு படிப்புக் காலம் இருந்தது. வெல்வோம் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. வெற்றியை விரும்புகிறோமா என்பதிலும் தெளிவில்லை. அந்த நிலையில் ஓர் இளைஞர் எவ்வாறு நாள்தோறும் புத்தகத்தின் முன் அமர்ந்தார் என்பது, தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

வகுப்பறையில் எழுந்த சிரிப்பு

1897 ஜனவரி 23-ஆம் நாள் ஒரிசாவின் கட்டாக் நகரில் சுபாஷ் பிறந்தார். பெற்றோரின் 14 மக்களுள் அவர் ஒன்பதாமவர். தந்தையார் பெயர் பெற்ற வழக்கறிஞர். தாயார் பிரபாவதி தேவி குடும்பத்தைக் கட்டிக் காத்தவர். 1902-இல் சுபாஷ் புராட்டஸ்டன்ட் ஐரோப்பியப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஆங்கிலமும் பைபிளும் லத்தீனும் அங்கே கற்பிக்கப்பட்டன. தாய்மொழியான வங்காளிக்கு அங்கே இடமில்லை.

1909-இல் ரேவன்ஷா கல்லூரிப் பள்ளிக்கு மாறியபோது இக்குறை வெளிப்பட்டது. ஆங்கிலத்தில் பிறரைவிட முன்னே நின்ற சிறுவருக்கு வங்காளியில் ஒரு கட்டுரையைப் பிழையின்றி எழுதத் தெரியவில்லை. அவர் எழுதியதை ஆசிரியர் வகுப்பில் எடுத்துக்காட்டியபோது மாணவர்கள் சிரித்தனர். மானம் மிகுந்த அப்பிள்ளைக்கு அது தாங்க முடியாத நிகழ்ச்சி. ஆயினும் அவர் அந்தப் பாடத்தை வெறுத்து ஒதுக்கவில்லை. இலக்கணத்தின் அடிப்படையிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லத் தேறினார். அவ்வாண்டின் இறுதித் தேர்வில் வங்காளியில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர் அவரே.

எந்தப் பாடம் தம்மைத் தலைகுனிய வைத்ததோ அந்தப் பாடத்திலேயே அன்றாடம் சிறிது நேரம் உழைப்பது என்ற பழக்கம் இவ்வாறு அவரிடம் வேரூன்றியது. பின்னாளில் கேம்பிரிட்ஜில் அவருக்கு உதவியது இப்பழக்கமே.

ஆர்வம் தடம் மாறியபோது

அப்பள்ளியின் தலைமையாசிரியர் பேணி மாதவ தாஸ் சுபாஷின் உள்ளத்தில் ஒழுக்க உணர்வை விதைத்தவர். அவர் வேற்றூருக்கு மாற்றப்பட்ட பின்னரும் அந்த விதை வளர்ந்தது. ஏறத்தாழ 15 வயதில், உறவினர் ஒருவரின் வீட்டில் தற்செயலாக சுவாமி விவேகானந்தரின் நூல்கள் சுபாஷின் கண்ணில் பட்டன. சில பக்கங்களைப் புரட்டியதுமே, தாம் தேடிக்கொண்டிருந்தது இதுவே என்று அவருக்குத் தோன்றிற்று. நூல்களை இரவல் பெற்று வீட்டுக்கு எடுத்துச் சென்றார். தன் ஆன்மிக விடுதலையும் மானிட சேவையும் ஒன்றாக இணைந்த ஒரு லட்சியம் அவருக்குக் கிடைத்தது. விவேகானந்தரிலிருந்து அவர் ஸ்ரீராமகிருஷ்ணரிடம் சென்றார். தியானத்திலும் யோகப் பயிற்சியிலும் நாட்கள் கழிந்தன.

பாடங்கள் பின்னுக்குப் போயின. பெற்றோர் கவலை கொண்டனர். எனினும் 1913-இல் நடந்த மெட்ரிகுலேஷன் தேர்வில் கல்கத்தா பல்கலைக்கழகத்திலேயே இரண்டாம் இடம் பெற்று அவர் அனைவரையும் வியக்க வைத்தார்.

இத்தகைய வெற்றி ஓர் அபாயத்தையும் உடன் கொண்டு வரும். முயற்சி குறைந்தாலும் அறிவு கைகொடுக்கும் என்ற எண்ணம் அதனால் உண்டாகக்கூடும். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்த முதல் இரண்டாண்டுகளில் சுபாஷ் பாடங்களைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. வகுப்பு விரிவுரைகள் அவருக்குச் சலிப்பூட்டின. நண்பர் குழு, சமூக சேவை, குருவைத் தேடும் தாகம் ஆகியவையே மனத்தை நிறைத்தன.

1914-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், வீட்டில் சொல்லாமல் ஒரு நண்பருடன் குருவைத் தேடிப் புறப்பட்டார். ரிஷிகேசம், ஹரித்துவாரம், மதுரா, பிருந்தாவனம், காசி, கயை என்று பல தலங்களுக்கும் சென்றார். காசியில் ஸ்ரீராமகிருஷ்ணரின் நேர்ச்சீடரான சுவாமி பிரம்மானந்தர் அவரை அன்புடன் வரவேற்றார். சுபாஷின் தந்தையாரையும் குடும்பத்தையும் சுவாமிகள் நன்கறிந்தவர். தேடி வந்த குரு கிடைக்கவில்லை. மடங்கள் சிலவற்றில் சாதி வேற்றுமை நிலவியதைக் கண்டு சுபாஷ் மனம் நொந்தார். ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின் வீடு திரும்பியவரைக் கண்டு தாயார் கண்ணீர் வடித்தார். வந்த சில நாட்களிலேயே டைபாய்டு காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது.

1915-இல் இண்டர்மீடியட் தேர்வு முடிவு வந்தது. முதல் வகுப்பில் தேறியிருந்தார்; ஆனால் வரிசையில் மிகவும் கீழே இருந்தார். இரண்டாண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகத்தில் இரண்டாமவராக நின்றவர் அவர். அறிவு குறையவில்லை, முயற்சிதான் குறைந்திருந்தது. இதை உணர்ந்து அவர் வருந்தினார். பட்டப்படிப்பில் தத்துவத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டு, இம்முறை ஊன்றிப் படிப்பது என்று தீர்மானித்தார்.

இழந்தபின் கிடைத்த இருக்கை

தீர்மானம் பலன் தரும் முன்னரே இடி விழுந்தது. 1916-ஆம் ஆண்டு தொடக்கத்தில், இந்திய மாணவர்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓட்டன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் பிரசிடென்சி கல்லூரியில் தாக்கப்பட்டார். மாணவர் பிரதிநிதியாக இருந்த சுபாஷ் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார். மாணவர்களுக்கு நேர்ந்த அவமதிப்புகளை அவர் எடுத்துரைத்தார். மாணவர்களின் செயலை எவ்வித நிபந்தனையுமின்றிக் கண்டிக்க மறுத்தார். விளைவு, அவர் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். வேறு கல்லூரியில் சேர்ந்து படிக்கவும் பல்கலைக்கழகம் அப்போது அனுமதி தரவில்லை.

படிக்க வேண்டும் என்ற உறுதி பிறந்த வேளையில் படிக்கும் உரிமையே பறிபோயிற்று. கட்டாக் திரும்பிய சுபாஷ் அந்தக் காலத்தை வீணாக்கவில்லை. காலரா, அம்மை முதலிய நோய்களால் துன்புற்றவர்களுக்கு நண்பர்களுடன் சேர்ந்து பணிவிடை செய்தார். பிறர் அருகில் செல்லவே அஞ்சிய நோயாளிகளின் படுக்கையருகே இரவுகளைக் கழித்தார். தாம் செய்தது குறித்து அவருக்கு வருத்தம் இருக்கவில்லை. தன்மானத்துக்காக விலை கொடுக்கும் துணிவு தமக்கு உண்டு என்பதை அந்நிகழ்ச்சி அவருக்கே காட்டியது.

1917 ஜூலையில் தடை நீங்கியது. ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியின் முதல்வர் அர்குஹார்ட் அவருக்கு இடம் அளித்தார். 1919-இல் தத்துவத்தில் முதல் வகுப்பில், பல்கலைக்கழகத்தில் இரண்டாமவராக சுபாஷ் தேறினார். இரண்டாண்டுகள் தாமதமாக வந்த பட்டம் அது. இந்தத் தாமதம்தான் அடுத்து வந்த சோதனையைக் கடுமையாக்கிற்று.

ஒரே வாய்ப்பு

தந்தையார் அளித்த 24 மணி நேரம் முழுவதும் சுபாஷுக்குத் தேவைப்படவில்லை. சில மணி நேரத்திலேயே போவது என்று முடிவு செய்தார். அந்த வேகம் அவருக்கே வியப்பளித்தது. முடிவுக்குப் பின்னால் இருந்த எண்ணத்தை அவர் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபின் தேர்வுக்கு எட்டு மாதங்களே மிஞ்சும். வயது வரம்பின்படி ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். எனவே தேறும் வாய்ப்பு மிகக் குறைவு. கேம்பிரிட்ஜில் பட்டம் பெறுவது மட்டும் நிச்சயம். ஒருவேளை தேறிவிட்டால், அப்போது என்ன செய்வது என்று யோசிக்கப் போதிய காலம் இருக்கும். இப்படித் தம் மனச்சாட்சியை அவர் சமாதானப்படுத்திக்கொண்டார்.

நண்பர் குழுவினருக்கு இது ஏற்புடையதாக இல்லை. இங்கிலாந்து செல்ல விரும்பும் மாணவர்களுக்கு ஆலோசனை கூறும் பொறுப்பிலிருந்த பேராசிரியரிடம் சென்றபோது அவரும் ஊக்கம் தரவில்லை. சில மாதப் படிப்பில் அந்தத் தேர்வில் வெல்ல முடியாது. எதற்காகப் பத்தாயிரம் ரூபாயை வீணாக்குவது என்று அவர் கேட்டார். தந்தையார் அந்தப் பத்தாயிரத்தைச் செலவிட விரும்புகிறார் என்பதே சுபாஷ் தந்த மறுமொழி.

1919 செப்டம்பர் 15-ஆம் நாள் ‘சிட்டி ஆஃப் கல்கத்தா’ என்ற கப்பலில் அவர் புறப்பட்டார். வழியில் நிலக்கரித் தட்டுப்பாட்டால் கப்பல் சூயஸில் ஒரு வாரத்துக்கு நின்றது. எண்ணி எண்ணிச் செலவிட வேண்டிய நாட்கள் கடலில் கரைந்தன. அக்டோபர் மாதக் கடைசியில் அவர் இங்கிலாந்து சேர்ந்தபோது கேம்பிரிட்ஜில் பருவ வகுப்புகள் தொடங்கிவிட்டிருந்தன. பிட்ஸ்வில்லியம் ஹால் என்ற அமைப்பின் தலைவர் ரெட்டவே, தாமதத்தைப் பொருட்படுத்தாமல் பரிவுடன் இடம் அளித்தார். அவர் மட்டும் மறுத்திருந்தால் அந்த ஆண்டே வீணாகியிருக்கும்.

ஒன்பது பாடங்கள்

தேர்வுக்குரிய பாடங்கள் ஒன்பது: ஆங்கிலக் கட்டுரை, சம்ஸ்கிருதம், தத்துவம், ஆங்கிலேயச் சட்டம், அரசியல், நவீன ஐரோப்பிய வரலாறு, ஆங்கிலேய வரலாறு, பொருளாதாரம், புவியியல். இவற்றுள் பல அவருக்குப் புதியவை. இவற்றோடு கேம்பிரிட்ஜ் பட்டத்துக்கான தத்துவ வகுப்புகளும் இருந்தன. எட்டு மாதங்களில் இத்தனையையும் முடிக்க வேண்டும்.

சுபாஷ் செய்த முதல் காரியம் வரம்பு கட்டியதுதான். பட்டப்படிப்புக்கு வகுப்பில் அமர்ந்து கேட்பது மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டார். மற்ற நேரமெல்லாம் போட்டித் தேர்வுக்கே. வகுப்புகளில் கிடைக்காத பாடங்களைத் தாமே நூல்களிலிருந்து படித்தார். இந்திய மாணவர்களின் மஜ்லிஸ் சங்கத்துக்கும் பல்கலைக்கழக யூனியனின் விவாதங்களுக்கும் செல்வதுண்டு. மாணவர்கள் அங்கே அமைச்சர்களையும் அரசாங்கத்தையும் அச்சமின்றி விமரிசிப்பது அவரைக் கவர்ந்தது. மற்றப் பொழுதுபோக்குகளுக்கு அவர் இடம் தரவில்லை.

இந்த நாட்களில் அவருடைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் பெரும்பாலோருக்கு ஊக்கம் தருவது, தேறினால் கிடைக்கப்போகும் வாழ்க்கையைப் பற்றிய கனவு. சுபாஷுக்கு அந்தக் கனவு இல்லை. தேறுவோம் என்ற நம்பிக்கையிலிருந்து ஊக்கம் பெறுவோரும் உண்டு. அந்த நம்பிக்கையும் அவரிடம் இல்லை. தோற்றுவிட்டால் ஒரு கடினமான முடிவை எடுக்கும் துன்பத்திலிருந்து தப்பிக்கலாம் என்ற எண்ணத்துக்குக்கூட அவர் மனத்தில் இடமிருந்தது. அத்தகைய எண்ணம் உள்ளே இருக்கும்போது கையிலுள்ள புத்தகம் தானே மூடிக்கொள்வது இயல்பு.

அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தேர்வு எழுதுவதாகத் தந்தையாரிடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஒப்புக்கொண்ட வேலையை அரைமனத்துடன் செய்வது தந்தையாரை ஏமாற்றுவதாகும்; தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதும் ஆகும். பதவி வேண்டுமா என்ற கேள்வி பெரியது. அதற்குரிய நாள் இன்னும் வரவில்லை. இன்றைய நாளுக்குரியது இன்றைய பாடம். இவ்விரண்டையும் அவர் ஒன்றோடொன்று கலக்கவிடவில்லை. எதிர்காலத்தைப் பற்றிய ஐயம் நிகழ்காலத்தின் உழைப்பைத் தின்றுவிடாமல் காத்துக்கொண்டார். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செவ்வனே செய்வது என்று கீதை காட்டும் நெறி, அந்த இளைஞரின் வாழ்வில் ஒரு சாதாரண படிப்பு மேசையின் முன் செயல்வடிவம் பெற்றது. மனப்போராட்டம் முற்றிலும் ஓய்ந்த பிறகே இது சாத்தியம் என்று எண்ண வேண்டியதில்லை. சுபாஷின் உள்ளத்தில் போராட்டம் ஓயவில்லை. அது ஓயும்வரை அவர் காத்திருக்கவும் இல்லை.

முற்றுப்பெறாத விடைத்தாள்

1920 ஜூலையில் லண்டனில் தேர்வு தொடங்கியது. ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்தது அது. அந்த நீண்ட சோதனையில் சுபாஷுக்கு ஒரு சறுக்கல் நேர்ந்தது. அவருக்கு நன்கு தெரிந்த சம்ஸ்கிருதத்திலேயே அது நிகழ்ந்தது. மொழிபெயர்ப்பு வினாவுக்கு முதலில் கரடாக விடை எழுதி, பிறகு திருத்தமாகப் படியெடுக்கலாம் என்று திட்டமிட்டார். எழுதும் ஆர்வத்தில் நேரத்தைக் கவனிக்கவில்லை. மணி அடித்தபோது ஒரு பகுதியை மட்டுமே படியெடுத்திருந்தார். தெரிந்த விடைக்குரிய சுமார் 150 மதிப்பெண்கள் கைநழுவிப் போயின.

நம்பிக்கை முன்பே மெலிந்திருந்தது. இப்போது அது முற்றிலும் போயிற்று. தேர்வு நன்றாக அமையவில்லை, தேறியவர் வரிசையில் தம் பெயரை எதிர்பார்க்க வேண்டாம் என்று வீட்டாருக்குத் தெரிவித்தார். ஆயினும் எஞ்சிய தேர்வுகளை அவர் கைவிடவில்லை. ஒரு தாளில் நேர்ந்த இழப்பை அடுத்த தாளுக்குச் சுமந்து சென்றிருந்தால் இழப்பு இருமடங்காகியிருக்கும். தேர்வு முடிந்தபின் முடிவுக்காகக் கைகட்டிக் காத்திருக்கவும் இல்லை. அடுத்த ஆண்டு எழுத வேண்டிய கேம்பிரிட்ஜ் பட்டத் தேர்வுக்கான நூல்களை எடுத்து வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் நடுவில் ஓர் இரவு, லண்டனில் இருந்தபோது நண்பர் ஒருவரிடமிருந்து தந்தி வந்தது. வாழ்த்துச் செய்தி. சுபாஷால் அதை நம்ப முடியவில்லை. மறுநாள் காலை செய்தித்தாளைப் பார்த்தபோது, தேர்ச்சி பெற்றவர் வரிசையில் நான்காவதாகத் தம் பெயர் இருப்பதைக் கண்டார்.

ஏழு மாதங்கள்

குடும்பத்தில் மகிழ்ச்சி பொங்கியது. சுபாஷுக்கோ தள்ளி வைத்திருந்த கேள்வி இப்போது நேரே எதிரில் வந்து நின்றது. வசதியான வாழ்க்கை, உயர் பதவி, ஓய்வூதியம் என்ற பாதுகாப்பு ஒருபுறம்; இளமையில் ஏற்ற லட்சியம் மறுபுறம். அந்நிய ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்துகொண்டு தேசத்துக்கும் முழுமனத்துடன் ஊழியம் செய்வது இயலாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததைச் செய்வது எளிதாக இல்லை.

சகோதரர் சரத்துக்கு அவர் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். தந்தையார் இணங்கவில்லை. பத்தாண்டுகளில் நாட்டுக்குத் தன்னாட்சி வந்துவிடும், அதுவரை தன்மானத்துடன் அப்பதவியில் பணியாற்ற முடியும் என்பது அவருடைய கருத்து. அன்புள்ள தந்தையின் மனத்தை நோகச் செய்வதே சுபாஷுக்கு மிகக் கடினமாக இருந்தது. இதற்கிடையில் 1921 பிப்ரவரியில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸுக்குக் கடிதம் எழுதி, தாய்நாட்டுப் பணியில் தமக்கு என்ன வேலை கிடைக்கும் என்று விசாரித்தார்.

1921 ஏப்ரல் 22-ஆம் நாள், இந்தியா மந்திரி மாண்டேகுவுக்கு அவர் கடிதம் அனுப்பினார். பயிற்சிநிலை அலுவலர் பட்டியலிலிருந்து தம் பெயரை நீக்குமாறு அதில் கேட்டுக்கொண்டார். தேர்வு பெற்றபின் உதவித்தொகையாகத் தமக்கு அளிக்கப்பட்ட நூறு பவுனைத் திருப்பிச் செலுத்துவதாகவும் தெரிவித்தார். முடிவை மாற்றிக்கொள்ளுமாறு அதிகாரிகள் தூண்டினர். கேம்பிரிட்ஜில் ஆதரவளித்த ரெட்டவே மட்டும், எதிர்பாராத வகையில், அவருடைய முடிவைப் பாராட்டினார். மகாத்மா காந்தியின் லட்சியங்களே தமக்கு விருப்பமானவை என்று தாயார் எழுதிய கடிதம் அவருக்குப் பெரும் ஆறுதல் அளித்தது.

அவ்வாண்டு அவர் எழுதிய கேம்பிரிட்ஜ் பட்டத் தேர்வில் மூன்றாம் வகுப்பே கிடைத்தது. மன அமைதியற்ற மாதங்களின் விளைவு அது. ஆனால் அந்த வகுப்பைக் கொண்டு அவரை அளந்தவர் எவரும் இல்லை. நான்காம் இடத்தைக் கொண்டு மட்டும் அளந்தவரும் இல்லை.

1921 ஜூலை 16-ஆம் நாள் அவர் பம்பாய் வந்து இறங்கினார். அன்றே காந்தியடிகளைச் சந்தித்தார். பின் கல்கத்தா சென்று தேசபந்துவிடம் தம்மை ஒப்படைத்துக்கொண்டார். அங்கு தேசியக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் இப்போது மாணவர்களுக்கு வழிகாட்டும் இடத்தில் அமர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே முதன்முறையாகச் சிறை புகுந்தார். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸின் தலைவராகவும், பின்னர் இந்திய தேசிய ராணுவத்தின் தலைவராகவும் அவர் நின்ற வரலாறு அதன் தொடர்ச்சி.

உழைப்பு வீணானதா?

துறப்பதற்காகவா அந்த எட்டு மாதங்கள் என்ற கேள்வி எழலாம். அதற்கு விடை அவருடைய வாழ்விலேயே இருக்கிறது. பெறாததை ஒருவர் துறக்க முடியாது. தேர்வில் தோற்றுவிட்டு அப்பதவியைப் பழித்திருந்தால், எட்டாத கனியைப் புளிப்பென்று சொன்னதாகவே உலகம் எண்ணியிருக்கும். முழு முயற்சியால் அதை வென்று கையில் வைத்துக்கொண்டு, பிறகு தாமாகவே கீழே வைத்தார். அதனால்தான் அத்துறவுக்கு வலிமை உண்டாயிற்று. வரலாறு, சட்டம், பொருளாதாரம் என்று அந்நாட்களில் கற்றவை அவருடைய பொது வாழ்வுக்கும் பயன்பட்டன. அவர் கற்றுக்கொண்டவற்றுள் மிகப் பெரியது மனத்தை ஒரு வேலையில் நிறுத்தும் பயிற்சி. அதை எந்த ராஜினாமாவும் திருப்பித் தர வேண்டியதில்லை.

சுபாஷுக்கு வசதியுள்ள தந்தையும் பிறவியிலேயே கூர்மையான அறிவும் இருந்தன. எல்லா மாணவருக்கும் இவை வாய்ப்பதில்லை. ஆனால் அறிவு மட்டும் போதாது என்பதை 1915-ஆம் ஆண்டுத் தேர்வு அவருக்கே உணர்த்திற்று. அன்று அவரைக் கீழே இறக்கியது முயற்சிக் குறைவு. 1920-இல் உயர்த்தியது அன்றாட உழைப்பு. இது எவரும் கைக்கொள்ளக்கூடியது.

பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஆட்சிப் பணிக்கும் இன்று லட்சக்கணக்கான இளைஞர்கள் நுழைவுத் தேர்வுகளுக்குப் படிக்கிறார்கள். தேறுவோமா என்ற அச்சம், பெற்றோரின் எதிர்பார்ப்பு, இது உண்மையில் நம் விருப்பந்தானா என்ற ஐயம் ஆகியவை இரவு நேரங்களில் அவர்களையும் வாட்டுகின்றன. ஊக்கம் பிறக்கட்டும், பிறகு படிக்கலாம் என்று காத்திருப்போர் பலர். சுபாஷின் வாழ்வு வேறொரு வழியைக் காட்டுகிறது. ஐயங்களுக்கு உரிய நாளில் விடை தேடலாம். அன்றைய பாடத்தை அன்றே படித்து முடிக்க வேண்டும். ஒரு தாள் தவறினால் அடுத்த தாளை நன்கு எழுத வேண்டும். முடிவு எதுவாயினும் அதைத் தாங்கும் உள்ளத்தை அந்தப் படிப்பே உருவாக்கித் தரும்.

1937 டிசம்பரில், ஆஸ்திரியாவின் பாட்காஸ்டைன் நகரில் தங்கியிருந்தபோது சுபாஷ் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். முற்றுப்பெறாத அந்நூலின் வாழ்க்கைக் கதை, கேம்பிரிட்ஜ் நாட்களுடன் நின்றுவிடுகிறது. 40 வயதில் திரும்பிப் பார்த்தபோதும், வங்காளி வகுப்பில் எழுந்த சிரிப்பையும் சம்ஸ்கிருதத் தாளில் செய்த தவற்றையும் அவர் மறைக்காமல் அதில் எழுதி வைத்தார்.